சிம்மக்கல்லில் ஒரு தலைமை அலுவலகம்

அரசாங்கத்திடம் எதைக் கேட்பதென்றாலும் அதற்கு ஒரு படிவம் வேண்டும். அந்தப் படிவங்களை அச்சடித்து ஊரிலுள்ள எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்புவதற்கென்று மாநிலப் படிவங்கள் வாரியம் என்று ஒன்று இருந்தது. வாரியத்திடம் படிவம் கேட்பதற்கும் ஒரு படிவம் உண்டு. அந்தப் படிவம் தீர்ந்துபோனால் எதில் எழுதிக் கேட்பது என்பது பற்றி 1987 முதல் ஒரு கோப்பு நடப்பில் இருந்தது.

வாரியத்தின் மதுரை மண்டல அலுவலகம் சிம்மக்கல்லில், ஒரு மொத்த மளிகைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே மிளகாய் வற்றல் மூட்டையை உதறினால் மேலே அத்தனை பேருக்கும் கண் கலங்கும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, இந்த அலுவலகத்தாருக்குப் பொதுஜனத்தின் மீது என்ன இரக்கம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

இசைவாணி அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஆறு வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருந்தாள். தொகுப்பூதியம் என்றால் வீட்டுக்குள் வரச் சொல்வார்கள், உட்காரச் சொல்ல மாட்டார்கள். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு சென்னையில் இருந்தது. அந்தக் கோப்பில் இருந்த ஒரே நிபந்தனை, ஒரு மெமோகூட வாங்காதவராக இருக்க வேண்டும் என்பது. வருகிற ஆடியில் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு வேறு எந்த அரசு வேலைக்கும் மனுப் போட முடியாது. ஆக, ஆடிக்குள் ஆர்டர் வர வேண்டும், அதுவரை மெமோ வரக் கூடாது. அவளுடைய வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவள் மேசை இழுப்பறையைச் சத்தம் வராமல் மூடுவாள். காய்ச்சலோடு வாடிப்பட்டியில் பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி ஒன்பது ஐம்பதுக்கு நாற்காலியில் இருப்பாள். யாராவது "இசைவாணி" என்று கூப்பிட்டால், கூப்பிட்ட குரலில் என்ன இருக்கிறது என்று தெரியும்வரை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவாள். ஆறு வருடத்தில் அவள் ஒரு எழுத்தைக்கூடத் தப்பாகத் தட்டியதில்லை. இதைத் திறமை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பயம் என்று அவளுக்குத் தெரியும்.

2003-ஆம் வருடம் பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது.

வாரியத்துக் கணினியில் படமும் கிடையாது, சுட்டியும் கிடையாது. கறுப்புத் திரைதான். அதில் கட்டளையைத் தட்டினால் காரியம் நடக்கும். இருப்பைக் காட்டு என்றால் காட்டும், பட்டியலை அச்சடி என்றால் அச்சடிக்கும். ஓர் எழுத்து பிசகினால் 'தெரியாத கட்டளை' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அதுவரை அது நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. இனிமேல் அந்தக் கறுப்புத் திரைக்குள் புதிதாக ஒன்றைச் சேர்க்கப்போவதாகச் சுற்றறிக்கை சொன்னது. யார் எந்தக் கட்டளையை எத்தனை தடவை தட்டினார், எத்தனை தடவை தப்பாகத் தட்டினார், நடுவில் எத்தனை நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார் என்பதையெல்லாம் அது ஓசைப்படாமல் எண்ணி, சாயங்காலம் ஐந்தரைக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகச் சென்னைக்குச் சொல்லிவிடும். சுற்றறிக்கை இதற்குத் தொலையளவைத் திட்டம் என்று பெயர் வைத்திருந்தது. அலுவலக உதவியாளர் விருமாண்டி 'கோள்மூட்டி' என்று வைத்தார். விருமாண்டி வைத்த பெயர்தான் நின்றது.

மதுரையில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், ஆனால் சோதனையில் உண்டாகும் பொய்க் கணக்கு ஒன்றுகூடச் சென்னைக்கு வந்து சேரக் கூடாது, சேர்ந்தால் சம்பந்தப்பட்டவர் மீது நடவடிக்கை என்று சுற்றறிக்கை முடிந்திருந்தது. சம்பந்தப்பட்டவர் யார் என்பதில் அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லோரும் இசைவாணியைப் பார்த்தார்கள்.

அவள் யோசித்துச் சொன்ன வழி, கம்ப்யூட்டர் தெரிந்த யாரும் சொல்லக்கூடியதுதான். மண்டலத் துணை இயக்குநர் ஜனகராஜின் அறையில் நின்றுகொண்டு சொன்னாள்.

"சார், ஸ்டோர் ரூம்ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு சும்மா கெடக்கு. அதை என் மிஷினோட ஒரு வயர்ல சேத்துட்டாப் போதும். இங்க எண்ணுறதெல்லாம் அதுல போய் விழுந்துரும். சென்னைக்குப் போகாது."

"அது சென்னை இல்லன்னு அந்தப் புரோகிராமுக்குத் தெரியாதா?"

"நாம சென்னைன்னு சொல்லிருவோம் சார். அது நம்பிரும்."

ஜனகராஜ் பேனாவை மூடினார். அவருக்கு ஐம்பத்தேழு வயது. சென்னையிலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிறவர். ரொம்பவும் பயந்துவிட்டால் தமிழ் மறந்து வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் சாமியைக் கூப்பிடுவார்.

"அப்ப, மதுரையில ஒரு தலைமை அலுவலகம் வைக்கணும்ங்கிறே."

"இல்ல சார், சும்மா ஒரு..."

"சும்மா வைக்கிறதுக்கு அது என்ன டீக்கடையாம்மா?"

கண்காணிப்பாளர் சூடாமணியை வரச் சொன்னார். அலுவலக நடைமுறைக் கையேட்டை மனப்பாடமாக வைத்திருக்கும் அம்மாள் அவர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவர் செய்த கெடுதல் எல்லாமே கையேடு நினைத்ததுதான்.

"பாரா நாப்பத்தொண்ணு சார்," என்றார் சூடாமணி. "அறிக்கை எங்க போய்ச் சேருதோ அது அலுவலகம். கீழ இருந்து மேல போற அறிக்கைன்னா, அது மேல் அலுவலகம். பலகை, முத்திரை, வரவுப் பதிவேடு, வாசல்ல ஒரு ஆள். இந்த நாலும் இல்லாம அறிக்கை வாங்கினா அது தனியார்."

"தனியார்னா?"

"நாம அரசாங்க ரகசியத்தைத் தனியாருக்குக் குடுத்ததா ஆகும்."

ஜனகராஜ் வீட்டு மொழியில் ஏதோ முணுமுணுத்தார். அன்று மத்தியானமே பலகைக்கு ஆர்டர் போனது.

ஸ்டோர் ரூமிலிருந்து உடைந்த நாற்காலிகளும் எலிப்பொறியும் வெளியேறின. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வாசலில் 'தலைமை அலுவலகம் (சோதனை)' என்று பலகை ஏறியது. அடைப்புக்குறிக்குள் இருந்த எழுத்தைப் பெயின்டர் சின்னதாக எழுதிவிட்டதால், நாலடி தள்ளி நின்றால் முதல் இரண்டு சொற்கள் மட்டும்தான் தெரியும். இசைவாணியின் மேசையிலிருந்து சுவரில் துளை போட்டு வயரை உள்ளே விட்டார்கள். விருமாண்டி குனிந்து அந்தத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் சென்னையா?"

"ஆமாண்ணே. புரோகிராமுக்கு அப்படித்தான்."

"அம்புட்டுக் கிட்டத்துலயா இருக்கு," என்றார் விருமாண்டி.

அவரைத்தான் அந்த அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள்.

திறப்பு நாளன்று ஜனகராஜ் எலுமிச்சம்பழமும் சம்பங்கி மாலையுமாக வந்தார். செருப்பை வெளியே விட்டார். அவர் விட்டதால் எல்லோரும் விட்டார்கள். பழைய மானிட்டர் முனகிக்கொண்டே விழித்ததும் அனைவரும் எழுந்து நின்றார்கள். அதாவது, யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, இருந்தாலும் இன்னும் கொஞ்சம் நின்றார்கள்.

"முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் தலைமை அலுவலகத்தைக் கண்ணால பாத்ததில்ல," என்று ஜனகராஜ் பேசத் தொடங்கினார். "போன்ல கேட்டிருக்கேன், லெட்டர்ல படிச்சிருக்கேன், கனவுல வந்திருக்கு. இன்னிக்கு ஒரே மாடியில நானும் தலைமையும் இருக்கோம். இது எனக்குக் கிடைச்ச மரியாதையா தண்டனையான்னு தெரியல. நம்ம கடமை ஒண்ணே ஒண்ணுதான். தலைமைக்குக் கோபம் வராமப் பாத்துக்கணும். நாம இத்தனை வருஷமா வேற எதுவும் செஞ்சதில்ல. படிவம் அனுப்புறதெல்லாம் நேரம் கிடைச்சா செய்றதுதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். இசைவாணியும் தட்டினாள். அவள் நினைத்தது ஒரு வயர், ஒரு பழைய பெட்டி, ரெண்டு நாள் வேலை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தாலும் பரவாயில்லை, குரங்கோடாவது போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கோள்மூட்டி சரியாகக் கோள் சொல்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், யாராவது தப்புச் செய்ய வேண்டும். இல்லாத ஓர் ஆளின் பெயரில் அந்தத் தப்புகளைச் செய்யலாம் என்று இசைவாணி நினைத்திருந்தாள். சூடாமணி பதறிப்போனார்.

"இல்லாத ஆளைப் பணியில இருக்கிறதாக் காட்டினா கிரிமினல் கேஸ் இசை. உன் பேரையே போடு. இந்த ஆபீஸ்லயே உன் பேருதான் சுத்தமா இருக்கு."

தன் பெயரைத் தட்டிவிட்டு இசைவாணி அதை மூன்று தடவை சரிபார்த்தாள். முந்தின நாள் எட்டுப் பக்கத்துக்குத் தப்புகளின் பட்டியல் ஒன்று தயாரித்து எடுத்து வந்திருந்தாள். முதல் தப்பைத் தட்ட அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். 'தெரியாத கட்டளை' என்றது திரை. அதற்குமேல் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. நாலு நாளில் பட்டியல் முழுவதையும் முடித்தாள். சும்மா இருப்பதை எண்ணுகிறதா என்று பார்க்க, ஒருநாள் நாற்பது நிமிடம் அலுவலக நேரத்தில், அரசாங்க மின்விசிறிக்குக் கீழே, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்பது நிமிடத்தில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

நாலாம் நாள் ஐந்தரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அறிக்கை வந்து விழுந்தது. *இசைவாணி. பிழை: 312. சும்மா இருந்தது: 40 நிமிடம்.* பட்டியலோடு ஒப்பிட்டாள். ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சென்னைக்கும் எதுவும் போகவில்லை. அவள் வைத்தது வேலை செய்தது. ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்த அலுவலகத்தில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்போது சூடாமணி உள்ளே வந்து, அறிக்கையை அச்செடுத்து, முத்திரை வைத்து, வரவுப் பதிவேட்டில் ஒன்றாம் எண்ணாகப் பதிந்தார்.

"மேடம், அது சும்மா டெஸ்ட்டு..."

"தெரியும் இசை. எனக்குத் தெரியாதா? ஆனா வந்த காகிதத்தை வரலைன்னு எழுத முடியாதுல்ல."

பதிவேட்டில் ஏறிய காகிதத்துக்கு ஏழு நாளில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்பது வாரியத்தின் வழக்கம். நடவடிக்கை சரியா தப்பா என்று யாரும் கேட்க மாட்டார்கள், எடுத்தாயா என்றுதான் கேட்பார்கள். ஏழாவது நாள் காலை விருமாண்டி தலையைக் குனிந்துகொண்டு வந்து ஒரு உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

*தாங்கள் நான்கு வேலை நாட்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகள் செய்துள்ளதாகவும், நாற்பது நிமிடங்கள் பணியின்றி அமர்ந்திருந்ததாகவும் தலைமை அலுவலகத்தின் (சோதனை) பதிவுகளிலிருந்து தெரியவருகிறது. தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை...*

அதற்குமேல் எழுத்து ஓடவில்லை. உறையை மடித்துப் பைக்குள் திணித்தாள். மெமோ. ஆறு வருடமாக எது வரக் கூடாது என்று இழுப்பறையை மெல்ல மூடினாளோ, அது அவள் பெயருக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது பைக்குள் இருக்கும் உறையை யாரோ படித்துவிடுவார்கள் போல, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் புருஷன் சூர்யபிரகாஷ் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் லோடு வேன் ஓட்டுகிறவன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"யாரு குடுத்தா மெமோ?"

"நான் வச்ச கம்ப்யூட்டர்."

"நீதானே வச்சே. நாளைக்குப் போய்க் கழட்டி எறி."

எவ்வளவு எளிது என்று அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அவன் சொன்னதில் ஒரு பாதி சரி. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் பழைய பதிவுகளைத் துடைத்துவிடுவது கம்ப்யூட்டர்காரர்களின் வழக்கம்தான். துடைத்துவிட்டால் முந்நூற்றுப் பன்னிரண்டும் போய்விடும். மறுநாள் நேரே ஸ்டோர் ரூமுக்குப் போனாள். விருமாண்டி ஸ்டூலிலிருந்து எழுந்து வாசலை மறித்தார்.

"தங்கச்சி, தலைமையோட அனுமதி இல்லாம உள்ள விடக் கூடாதுன்னு சூடாமணியம்மா சொல்லிருச்சு. ஆதாரத்தை அழிச்சுட்டா அது வேற கேஸாம்."

"அண்ணே, அதை வச்சதே நான்தானே."

"சாமியச் செஞ்சவன் ஆசாரிதான் தங்கச்சி. அதுக்காகக் கருவறைக்குள்ள விட்டுருவாங்களா?"

அவள் திரும்பி வந்து விளக்கக் கடிதம் எழுதினாள். இது சோதனை, தப்புச் செய்யச் சொன்னதால் செய்தேன் என்று பணிவுடன் மூன்று பக்கம். முறைப்படி அது தலைமை அலுவலகத்துக்கு (சோதனை) முகவரியிடப்பட்டது. விருமாண்டி அதை எடுத்துப் போய் மானிட்டருக்கு முன்னால் வைத்தார். பத்து நாளாகப் பதில் இல்லை. தினமும் காலையில் ஜனகராஜ் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். கறுப்புத் திரையின் மூலையில் ஒரு வெள்ளைக் கட்டம் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருக்கும்.

"துடிச்சுக்கிட்டே இருக்கு," என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். "ரொம்பக் கோபமா இருக்கு போல."

"அது எப்பவும் அப்படித்தான் சார் இருக்கும்."

"எப்பவும் கோபம்தான். அதைத்தான் நானும் சொல்றேன்."

பலகை இருக்கிறது, முத்திரை இருக்கிறது, தலைவர் இல்லை என்பதைச் சூடாமணிதான் கண்டுபிடித்தார். தலைவர் இல்லாத தலைமைக்கு எப்படிப் பதில் வரும்? கையேட்டின்படி, காலியாக உள்ள பதவியை அருகில் உள்ள மூத்த அதிகாரி முழுக் கூடுதல் பொறுப்பாகக் கவனிக்க வேண்டும். அருகில் என்றால் பத்தடி தூரத்தில் ஜனகராஜ் இருந்தார்.

ஸ்டோர் ரூமில் அவருக்கு இரண்டாவது நாற்காலி போட்டார்கள். காலையில் தன் அறையில் துணை இயக்குநர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செருப்பை வெளியே விட்டு உள்ளே போனால் தலைமை. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்குக் குரல் மாறியது, முதுகு நிமிர்ந்தது. முப்பத்திரண்டு வருடம் போனில் கேட்ட அதட்டல்கள் அத்தனையும் உள்ளே சேர்ந்து கிடந்திருக்க வேண்டும். முதல் வேலையாக மதுரை மண்டலத் துணை இயக்குநருக்கு ஒரு மெமோ எழுதினார். தங்கள் பணியாளர் முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகள் செய்யும்வரை தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. விருமாண்டி அதைப் பத்தடி சுமந்துபோய் அவருடைய மேசையில் வைத்தார். மறுநாள் காலை அதைப் பிரித்துப் படித்த ஜனகராஜ் முகம் வெளிறிப்போய் இசைவாணியைக் கூப்பிட்டார்.

"தலைமை ரொம்பக் கண்டிப்பும்மா. எனக்கே மெமோ குடுத்திருக்கு."

"சார், அதை நீங்கதானே சார் எழுதினீங்க."

"எழுதினது நான்தான். எந்த நாற்காலியில இருந்து எழுதினேன்னு பாக்கணும்ல. அந்த நாற்காலி என்ன நினைக்கும்னு இந்த நாற்காலிக்கு எப்படித் தெரியும்?" தண்ணீரைக் குடித்தார். "ராத்திரி எனக்குத் தூக்கம் வரல."

அவர் நடிக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் இசைவாணிக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. பொய் சொல்கிறவரிடம் கெஞ்சிப் பார்க்கலாம். தன்னைக் கண்டே நடுங்குகிற மனிதரிடம் யாரைப் பற்றிப் புகார் சொல்வது?

சித்திரை பிறந்தது. சென்னையிலிருந்து, அதாவது உண்மையான சென்னையிலிருந்து, போன் வந்தது. ஜனகராஜ் எழுந்து நின்று கேட்டார். நிரந்தரப் பட்டியல் அடுத்த வாரம் கையெழுத்தாகிறது, இசைவாணி மீது எந்தத் தலைமை அலுவலகத்திலும் நடவடிக்கை நிலுவையில் இல்லை என்று சான்று அனுப்புங்கள் என்றார்கள். போனை வைத்துவிட்டு அவர் உட்காரவே இல்லை.

"எந்தத் தலைமையிலும்னு கேட்டாங்க," என்றார். "நம்மகிட்ட ஒண்ணு இருக்கே."

அன்று மதியமே விசாரணை. தலைமை நாற்காலியில் ஜனகராஜ், பக்கத்தில் பதிவேட்டோடு சூடாமணி, வாசலில் விருமாண்டி. இசைவாணி வெறுங்காலோடு நின்றாள். தரை வெதுவெதுவென்று இருந்தது.

"இந்தப் பிழைகளை நீ வேணும்னு செஞ்சியா, தெரியாமச் செஞ்சியா?" என்றது தலைமை.

"வேணும்னுதான் சார். சோதனைக்கு."

"வேணும்னு செஞ்சா அது ஒழுங்கீனம். தெரியாமச் செஞ்சா அது தகுதியின்மை. ரெண்டுல எதுன்னு நீயே தேர்ந்தெடுத்துக்க. தலைமை எப்பவும் யாரையும் கட்டாயப்படுத்தாது."

"சார், சோதனையை முடிச்சிருவோம் சார். மிஷினைக் கழட்டிட்டா இந்தத் தலைமையே இருக்காதுல்ல."

சூடாமணி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "ஒரு அலுவலகத்தை மூடினா அதுல நிலுவையில இருக்கிற காகிதம் எல்லாம் அடுத்த மேல் அலுவலகத்துக்குப் போகணும் இசை. முந்நூத்திப் பன்னிரண்டும் அப்படியே சென்னைக்குப் போகும். பொய்க் கணக்கு ஒண்ணுகூட அங்க வரக் கூடாதுன்னுதானே இம்புட்டும் பண்ணினோம்."

மூடினால் சென்னைக்குப் போகும். மூடாவிட்டால் இங்கே நிலுவையில் நிற்கும். கீழே கடையில் யாரோ மிளகாய் மூட்டையை உதறினார்கள் போல, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இசைவாணி துடைத்தது மிளகாய்க்காக இல்லை.

"ஆடி வந்தா எனக்கு முப்பத்தஞ்சு முடியுது சார்," என்றாள். "அதுக்கப்புறம் நான் எங்கயும் மனுப் போட முடியாது. ஆறு வருஷமா ஒரு எழுத்து தப்பா அடிச்சதில்ல. நீங்க செய்யச் சொன்னதாலதான் செஞ்சேன். தப்புப் பண்றதுதான் சார் என் வேலைன்னு குடுத்தீங்க. வேலையைத்தானே செஞ்சேன்."

சூடாமணியின் பேனா நின்றது.

"அப்படி ஆர்டர் இருக்கா?"

"வாயால சொன்னது மேடம்."

"வாயால சொன்னது வேண்டாம். ஆர்டர் இருந்தா..." சூடாமணியின் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. "சார், ஆர்டர் இருந்துட்டா அது பிழை இல்ல சார். அது பணி. முந்நூத்திப் பன்னிரண்டும் சாதனை ஆயிரும். நாப்பது நிமிஷம் சும்மா இருந்ததுகூடப் பணிதான்."

ஜனகராஜ் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தன் அறைக்கு ஓடினார். துணை இயக்குநராக உட்கார்ந்து, பிழைகள் செய்வதற்கென்று ஒரு தனிப் பணியிடம் தேவை என்று முன்மொழிந்தார். விருமாண்டி கடிதத்தோடு பத்தடி நடந்தார். ஜனகராஜ் அவருக்கு முன்னால் ஓடிவந்து செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைமையில் உட்கார்ந்து அதை வாங்கினார். தேவையின் அவசியம் விளக்கப்படவில்லை என்று கடுமையாகக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். மறுபடி ஓடிப்போய் அதைப் படித்துப் பணிவோடு விளக்கம் எழுதினார். நாலு தடவை இப்படி நடந்தது. நாலாம் தடவை தலைமை மனம் இரங்கியது.

"ஒரு வழியா ஒத்துக்கிடுச்சு," என்று மூச்சு வாங்க இசைவாணியிடம் சொன்னார். அவர் முகத்தில் நிஜமான நன்றி இருந்தது. யாருக்கு நன்றி என்று அவள் கேட்கவில்லை.

'பிழை உதவியாளர்' என்ற பணியிடம் தை மாதத் தேதியிட்டு உருவானது. மெமோ பாராட்டுக் கடிதமாக மாறியது. நிலுவை இல்லை என்ற சான்று சென்னைக்குப் போனது. வைகாசி முடிவதற்குள் ஆர்டர் வந்தது. தகுதி, ஒழுக்கம் ஆகியவற்றில் திருப்தியடைந்து, தாங்கள் தற்போது வகிக்கும் பிழை உதவியாளர் பதவியிலேயே தங்களை நிரந்தரமாக்குவதில் வாரியம் மகிழ்ச்சியடைகிறது என்று எழுதியிருந்தது. சென்னையில் அந்தப் பதவியைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்படி ஒன்று ஏற்கெனவே அங்கேயும் இருந்திருக்கலாம்.

சூர்யபிரகாஷ் அன்று வேனில் ஒரு கூடை மல்லிகையோடு வந்து தெரு முழுக்கக் கொடுத்தான்.

"என்ன போஸ்ட்டுன்னு கேக்கிறாங்க வாணி. என்னன்னு சொல்ல?"

"கம்ப்யூட்டர்லதான்னு சொல்லுங்க," என்றாள்.

ஆர்டருக்குப் பின்னால் ஒரு இணைப்பு இருந்தது. சூடாமணி தயாரித்து, துணை இயக்குநர் பரிந்துரைத்து, தலைமை (சோதனை) ஒப்புதல் அளித்தது. பணி அளவு நாளொன்றுக்கு எழுபத்தெட்டுப் பிழைகள். ஒருமுறை செய்த பிழையை மறுமுறை செய்தால் கணக்கில் வராது. பணி நேரத்தில் சரியாகச் செய்யப்படும் ஒவ்வொரு கட்டளையும் கடமை தவறியதாகக் கருதப்படும். சோதனை முடிவுற்றால் பணியிடமும் முடிவுறும்.

ஆனி மாதம் முதல் திங்கட்கிழமை ஒன்பது ஐம்பதுக்கு, நிரந்தர ஊழியராக இசைவாணி நாற்காலியில் உட்கார்ந்தாள். தப்புகளின் பழைய பட்டியல் முழுக்கத் தீர்ந்துபோயிருந்தது. புதிதாக எழுபத்தெட்டு வேண்டும். நாளைக்கு எழுபத்தெட்டு, நாளை மறுநாள் எழுபத்தெட்டு, ஓய்வு பெறும்வரை. சுவருக்கு அந்தப் பக்கம் பழைய பெட்டி முனகுவது கேட்டது. விரல்களை விசைப்பலகையில் வைத்தாள். பயமாக இருந்தது. பயந்தால் சரியாகத் தட்டித்தான் அந்த விரல்களுக்குப் பழக்கம். வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்ற நினைத்துத் தட்டினாள். இருப்புப் பட்டியல் அழகாக, வரிசையாக, ஒரு குறையும் இல்லாமல் திரையில் வந்து நின்றது.

விருமாண்டி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, வருதா?"

"வர மாட்டேங்குதுண்ணே."

"பதறாம உக்காரு. காலையிலதானே. டீ வாங்கிட்டு வாரேன்."

சாயங்காலம் ஐந்தரைக்குச் சூடாமணி வரவுப் பதிவேட்டைத் திறந்தார். பேனாவை மாற்றிக்கொண்டு, 'இசைவாணி. சரி: 1' என்று சிவப்பு மையில் எழுதினார்.